எட்டு வழியும் அடைபட்ட பிரெக்ஸிட்: 2019இல் எதைத் தேர்ந்திருக்கலாம்?

2019 மார்ச் 27 மாலை பிரிட்டனின் காமன்ஸ் சபை உறுப்பினர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் தரப்பட்டது. ஆதரிப்பவர்கள் ஒரு தாழ்வாரத்திலும் எதிர்ப்பவர்கள் இன்னொரு தாழ்வாரத்திலும் நடந்துபோய் எண்ணிக்கை கொடுக்கும் பழக்கம் உள்ள சபை அது. அன்று மட்டும் பேனாவால் குறித்து வாக்களித்தார்கள். தாளில் எட்டு யோசனைகள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை; எத்தனைக்கு வேண்டுமானாலும் ஆம் போடலாம். எட்டும் தோற்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற முதலில் குறித்திருந்த நாள் வர இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அதைக் கடைசி நேரத்தில் ஏப்ரல் 12க்குத் தள்ளிவைத்திருந்தார்கள்.

அந்தத் தாள் என் கையில் இருந்திருந்தால் எதற்கு ஆம் போட்டிருப்பேன்? பின்னால் நடந்தது தெரிந்த பிறகு புத்திசாலியாக இருப்பது சுலபம். அதனால் முடிந்தவரை அன்றைக்குத் தெரிந்திருந்த விஷயங்களை வைத்தே எடைபோடுகிறேன். பின்னால் நடந்ததைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

2016 ஜூன் 23 பொது வாக்கெடுப்பில் வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1 சதவீதம். ஸ்காட்லாந்தும் வடக்கு அயர்லாந்தும் இருக்கலாம் என்றன. இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறலாம் என்றன. சீட்டில் கேட்டது இந்த ஒரு கேள்விதான். வெளியேறி எங்கே போய் நிற்பது என்று யாரையும் கேட்கவில்லை. நார்வே மாதிரியா, கனடா மாதிரியா, துருக்கி மாதிரியா, ஒன்றுமே இல்லாமலா? வெளியேறச் சொன்ன 1.74 கோடிப் பேரில் ஒவ்வொருவர் மனதிலும் ஒரு படம் இருந்திருக்கும். அப்போதைய பிரதமர், கன்சர்வேட்டிவ் கட்சியின் தெரசா மே 2017 ஜனவரியில் தன் படத்தை அறிவித்தார்: ஒரே விதிகளின் கீழ் சரக்கும் சேவையும் ஆட்களும் தடையில்லாமல் போய்வரும் ஒற்றைச் சந்தையிலும் இருக்கமாட்டோம், எல்லோரும் வெளிச் சரக்குக்கு ஒரே வரி போடும் சுங்க ஒன்றியத்திலும் இருக்கமாட்டோம். மார்ச் 29 அன்று, உறுப்பு நாடு விலகுவதற்கான ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆம் பிரிவின்படி கடிதம் கொடுத்து இரண்டு வருடக் கெடுவைத் தொடங்கிவைத்தார். அப்புறம் தேவையே இல்லாமல் ஜூனில் ஒரு தேர்தல் நடத்தி இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். பிரிட்டனோடு சேர்ந்தே இருக்கவேண்டும் என்னும் வடக்கு அயர்லாந்தின் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சியிடம் இருந்த 10 இடங்களை நம்பித்தான் அதன் பிறகு ஆட்சி ஓடியது.

முடிச்சு இருந்த இடம்

பிரெக்ஸிட் சிக்கலைப் பற்றிப் பேசியவர்கள் லண்டனையும் பிரஸ்ஸல்ஸையுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சு இருந்ததோ அயர்லாந்து தீவின் குறுக்கே போகும் சுமார் 500 கிலோமீட்டர் எல்லையில். வடக்கு அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. தெற்கே இருக்கும் அயர்லாந்து குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினர். இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அந்தக் கோட்டைக் கடக்கின்றன. வடக்கே கறக்கும் பாலில் கணிசமான பகுதி பதப்படுத்தத் தெற்கே போகிறது. டப்ளினில் காய்ச்சும் கின்னஸ் பீர் பெல்ஃபாஸ்டுக்குப் போய், புட்டியிலும் டின்னிலும் அடைபட்டுத் தெற்கே திரும்புகிறது. காரில் போகிறவருக்கு எல்லை தாண்டியதே தெரியாது; வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தால்தான் உண்டு. ஒரு காலத்தில் இதே இடங்களில் ராணுவக் கோபுரங்களும் சுங்கச் சாவடிகளும் இருந்தன; சாவடிகள் குண்டுக்கு இலக்காயின. 3,500க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட மோதலை 1998இன் புனித வெள்ளி ஒப்பந்தம் ஓயவைத்த பிறகுதான் அந்த எல்லை கண்ணில் படாமல் போனது.

பிரதமர் தெரசா மே கொடுத்திருந்த வாக்குறுதிகள் மூன்று. ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு வெளியேறுவோம் என்றார். அயர்லாந்தில் சாவடி எல்லை திரும்ப வராது என்றார். வடக்கு அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிக்கும் நடுவே கடலிலும் எல்லை வராது என்றார். இதில் எந்த இரண்டை வேண்டுமானாலும் காப்பாற்றலாம். மூன்றையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாது. வரியும் தர விதியும் இருபுறமும் வேறுபட்டால் எங்கோ ஓரிடத்தில் சரக்கைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. அன்றைய யோசனைகளில் பாதி இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை.

தாளில் இல்லாத ஒப்பந்தம்

மேயின் விலகல் ஒப்பந்தம் அந்த எட்டில் ஒன்று அல்ல. அது ஏற்கனவே இரண்டு முறை சபைக்கு வந்து அடிவாங்கியிருந்தது. ஜனவரி 15 அன்று 432க்கு 202. பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாற்றில் ஓர் அரசு கண்ட மிகப் பெரிய தோல்வி அது. மார்ச் 12 அன்று 391க்கு 242. அப்புறம் சபாநாயகர் ஜான் பெர்கோ குறுக்கே வந்தார். தோற்ற தீர்மானத்தையே மாற்றமில்லாமல் அதே கூட்டத்தொடரில் திரும்பக் கொண்டுவரக்கூடாது என்று 1604ஆம் ஆண்டு மரபு ஒன்றைத் தேடி எடுத்தார். எதிர்காலத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடியவர்கள் ஷேக்ஸ்பியர் காலத்து விதியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

585 பக்க ஒப்பந்தத்தில் பெரும்பகுதியில் சண்டையே இல்லை. பிரிட்டன் கட்டவேண்டிய சுமார் 3,900 கோடி பவுண்டு பாக்கி, பிரிட்டனில் வாழும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களின் உரிமை, 2020 முடியும்வரை இடைக்காலம், இவ்வளவுதான். எல்லோரும் கைவைத்தது பேக்ஸ்டாப் என்ற ஓர் ஏற்பாட்டில். வேறு வழி கண்டுபிடிக்கும்வரை முழு பிரிட்டனும் ஒன்றியத்தோடு ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கும். வடக்கு அயர்லாந்து மட்டும் கூடுதலாகச் சில சரக்கு விதிகளைப் பின்பற்றும். எங்களால் தனியாக இதிலிருந்து வெளியே வர முடியாது என்றார்கள் தீவிர வெளியேற்றவாதிகள். அரசின் தலைமை வழக்கறிஞர் ஜெஃப்ரி காக்ஸும் அந்தச் சட்டச் சிக்கல் தீரவில்லை என்றே எழுதிக்கொடுத்தார். எங்களை மட்டும் ஏன் தனியாகப் பிரிக்கிறீர்கள் என்றது யூனியனிஸ்ட் கட்சி. இருப்பதைவிட இது கேவலம் என்றார்கள் ஐரோப்பிய ஆதரவாளர்கள். ஒரே பத்தியை ஆளுக்கொரு காரணத்துக்காக வெறுத்தார்கள்.

பலர் கவனிக்க மறுத்த ஒன்று உண்டு. சுங்க ஒன்றியமோ நார்வே வழியோ, எதைத் தேர்ந்தாலும் இந்த விலகல் ஒப்பந்தத்தை நிறைவேற்றித்தான் ஆகவேண்டும். மற்ற யோசனைகள் மாற்றக்கூடியது கூடவே வந்த 26 பக்க அரசியல் பிரகடனத்தை மட்டும்தான். சட்டப்படி கட்டுப்படுத்தாத ஆவணம் அது. ஆகவே "மேயின் ஒப்பந்தமா, நார்வேயா" என்ற கேள்வியே கொஞ்சம் பிசகு. அதைத் தவிர்க்க இரண்டே வழி: ஒப்பந்தமே இல்லாமல் போவது, அல்லது போகாமலே இருப்பது.

ஒப்பந்தமில்லாமல் போனால்

இந்த யோசனைக்கு ஆம் 160, இல்லை 400. இதில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி கார்களுக்கு 10 சதவீத வரி. இறைச்சிக்கும் பால் பொருள்களுக்கும் அதைவிடப் பல மடங்கு. அரசே 2018 நவம்பரில் வெளியிட்ட கணிப்பில், உறுப்பினராக நீடிப்பதோடு ஒப்பிட்டால் 15 ஆண்டுகளில் பொருளாதாரம் சுமார் 7.7 சதவீதம் சிறுத்திருக்கும் என்று இருந்தது. வெறும் வர்த்தக உடன்பாடான கனடா பாணி ஒப்பந்தத்துக்கு 4.9, நார்வே பாணிக்கு 1.4. இந்தக் கணிப்புகளை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் எது மோசம், எது பரவாயில்லை என்ற வரிசையை யாரும் பெரிதாக மறுக்கவில்லை. ஏற்பாடுகள் எந்த லட்சணத்தில் இருந்தன என்பதற்கு ஓர் உதாரணம்: நெருக்கடி நேரத்தில் கூடுதல் கப்பல் விட 1.38 கோடி பவுண்டு ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்திடம் கப்பலே இல்லை. அதன் இணையதளத்தில் இருந்த விதிமுறைகள் சாப்பாட்டுப் பார்சல் கடைக்கு எழுதியவை போல் இருந்தன. பிப்ரவரியில் அந்த ஒப்பந்தம் ரத்தானது.

மிரட்டலுக்காவது இது பயன்படும் என்பவர்கள் இருந்தார்கள். எதிராளி நம்பினால்தான் மிரட்டல். சபையே 400 வாக்கில் வேண்டாம் என்ற பிறகு பிரஸ்ஸல்ஸ் எதற்குப் பயப்பட வேண்டும்?

துருக்கி வழியும் நார்வே வழியும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். கன்சர்வேட்டிவ் கட்சியின் மூத்தவர் கென் கிளார்க் கொண்டுவந்தது சுங்க ஒன்றியம். அதே கட்சியின் நிக் போல்ஸ், தொழிற்கட்சியின் ஸ்டீஃபன் கின்னக்கோடு சேர்ந்து முன்வைத்தது "பொதுச் சந்தை 2.0".

சுங்க ஒன்றியம் என்றால் உறுப்பு நாடுகளுக்குள் வரி கிடையாது. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி போடுவார்கள். ஒரு பொருள் எந்த நாட்டில் செய்தது என்று காகிதம் காட்டத் தேவையில்லை. கார் தொழிலுக்கு இது உயிர். ஓர் இன்ஜினின் பாகங்கள் பொருத்தப்படுவதற்குள் கால்வாயைப் பலமுறை கடக்கின்றன. சண்டர்லாந்து, ஸ்விண்டன் போன்ற ஊர்களின் ஆலைகள் அன்று சில மணி நேர இருப்பை வைத்தே ஓடின. இதற்கு ஈடாகக் கொடுக்கவேண்டியது, அமெரிக்காவோடும் இந்தியாவோடும் சரக்கு வரியைப் பற்றித் தனியாகப் பேரம் பேசும் உரிமை. பிரிட்டிஷ் பொருளாதாரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் சேவைத் துறை என்பதை நினைத்தால் அந்த உரிமை எவ்வளவு மதிப்புள்ளது என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

ஆனால் சுங்க ஒன்றியம் மட்டும் போதாது. 1995 கடைசியிலிருந்து துருக்கி தொழில் சரக்குகளுக்கு ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. இருந்தும் பல்கேரிய எல்லையில் காபிகுலே சாவடியில் லாரிகள் நீண்ட வரிசையில் நிற்கின்றன. வரி ஒன்றாக இருந்தாலும் லாரி அனுமதிச் சீட்டு, உணவுச் சோதனை, தரச் சான்று எல்லாம் தனித்தனி. ஆகவே அயர்லாந்து எல்லையைச் சுங்க ஒன்றியம் பாதிதான் தீர்க்கும்.

நார்வேயோ நேர் எதிர். 1972இலும் 1994இலும் உறுப்பினராக வேண்டாம் என்று மக்கள் வாக்களித்தார்கள். ஆனாலும் ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைனோடு சேர்ந்து ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது. விதிகள் ஒன்று. சுங்க ஒன்றியத்தில் மட்டும் இல்லை. அதனால் சுவீடன் எல்லையில் சுங்கச் சோதனை உண்டு. போல்ஸின் திட்டம் இந்த இரண்டையும் ஒட்டவைத்தது: ஒற்றைச் சந்தையும் உண்டு, சுங்க ஏற்பாடும் உண்டு. அயர்லாந்து எல்லையைப் பொறுத்தவரை தாளில் இருந்த வெளியேறும் வழிகளிலேயே முழுமையான விடை இதுதான். மீன்பிடியிலும் விவசாயத்திலும் பிரஸ்ஸல்ஸின் பொதுக் கொள்கைகளிலிருந்து விடுபடலாம் என்பது உபரி.

விலை? மூன்று. பிரஸ்ஸல்ஸுக்குத் தொடர்ந்து பணம் கட்டவேண்டும். வாக்கு இல்லாமலே விதிகளை ஏற்கவேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது, ஐரோப்பியர்கள் தடையில்லாமல் வந்து வேலை பார்க்கும் உரிமை நீடிக்கும். 2016 பிரசாரத்தில் பாதி இதைப் பற்றித்தான். வெளியேற வாக்களித்த வட இங்கிலாந்துத் தொகுதிகளின் தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவர் ஊருக்குப் போய் "நாம் வெளியேறிவிட்டோம், ஆனால் அந்த விதி அப்படியே இருக்கிறது" என்று சொன்னால் என்ன பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். காகிதத்தில் முதல் மதிப்பெண் வாங்கும் வழிக்கு முதல் சுற்றில் இருநூறு வாக்குகூட விழாததற்கு இதுதான் காரணம்.

தொழிற்கட்சித் தலைமை தன் பங்குக்கு ஒரு யோசனை வைத்தது: சுங்க ஒன்றியமும் வேண்டும், எதிர்கால வர்த்தக ஒப்பந்தங்களில் பிரிட்டன் சொல்வதும் எடுபடவேண்டும், ஒற்றைச் சந்தையோடு நெருக்கமும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. 237க்கு 307 என்று போனது. வெளியேற்றவாதிகளின் மால்ட்ஹவுஸ் திட்டம் 139 வாக்கோடு நின்றது. ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கனவே மறுத்ததை வேறு பெயரில் கேட்டது அது.

மக்களிடமே திரும்பக் கேட்டால்

தொழிற்கட்சியின் மார்கரெட் பெக்கெட் கொண்டுவந்த இரண்டாம் வாக்கெடுப்பு யோசனைக்கு முதல் சுற்றில் 268 ஆம், 295 இல்லை. எட்டு யோசனைகளில் மிக அதிகமான ஆம் வாங்கியது இதுதான். இது மற்ற வழிகளுக்குப் போட்டியும் அல்ல. எந்த ஒப்பந்தத்தையும் மக்கள் ஒப்புதலுக்கு விடலாம் என்பதுதான் இதன் சாரம். மே கொண்டுவந்ததை நிறைவேற்றுகிறோம், மக்கள் கடைசி வார்த்தை சொல்லட்டும் என்று ஒரு பேரம் இதில் ஒளிந்திருந்தது.

எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள். முதலாவது, கேள்வி என்ன? மேயின் ஒப்பந்தமா, இருப்பதா என்று கேட்டால் ஒப்பந்தமில்லாமல் போகச் சொல்பவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். மூன்று தெரிவு வைத்தால் எண்ணும் முறையே முடிவைத் தீர்மானிக்கும். இரண்டாவது, காலம். சட்டம் இயற்றி, கேள்வியைச் சோதித்து, பிரசாரம் நடத்தக் குறைந்தது 22 வாரம் வேண்டும் என்று லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் அரசியலமைப்பு ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். இருந்தாலும் முட்டுக்கட்டையை உடைக்கும் அதிகாரம் உள்ள ஒரே தெரிவு இது என்பதை மறுக்க முடியாது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிற்கட்சி உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களிக்காமல் இருந்திருந்தால் கதை வேறு.

50ஆம் பிரிவுக் கடிதத்தையே திரும்பப் பெறுவது கடைசி வழி. பிரிட்டன் யாரையும் கேட்காமல் தனியாகவே அதைச் செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பர் 10இல் சொல்லியிருந்தது. அறுபது லட்சம் பேர் மனுவில் கையெழுத்தும் போட்டார்கள். சட்டப்படி மிகச் சுலபம், ஆனால் 1.74 கோடி வாக்குகளை 650 பேர் கூடி ரத்து செய்ததாகத்தான் அது படிக்கப்படும். ஒப்பந்தமில்லாமல் விழப்போகும் கடைசி நிமிடத்துக்கு வைத்திருக்கலாம். அதற்கு முன் நான் தொடமாட்டேன்.

மூன்று வாக்கு

இரண்டாம் சுற்று ஏப்ரல் 1. நான்கே யோசனைகள். சுங்க ஒன்றியத்துக்கு 273 ஆம், 276 இல்லை. பொதுச் சந்தை 2.0க்கு 261, 282. மக்கள் ஒப்புதலுக்கு 280, 292. கடிதத்தைத் திரும்பப் பெற 191, 292. முடிவு வந்த அந்த நிமிடமே போல்ஸ் எழுந்து தன் கட்சியைவிட்டு விலகுவதாக அறிவித்து வெளியேறினார்.

சுங்க ஒன்றியம் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லை. அமைச்சரவை இரண்டு சுற்றிலும் வாக்களிக்காமல் ஒதுங்கியிருந்தது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி தன் வாக்கை இதற்குத் தரவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒற்றைச் சந்தையும் இரண்டாம் வாக்கெடுப்பும். வடக்கு அயர்லாந்தின் யூனியனிஸ்ட் கட்சியின் 10 பேரில் ஒருவரும் ஆம் போடவில்லை. எனக்கு மிகவும் புரியாதது இந்தக் கடைசி எண்ணிக்கைதான். முழு பிரிட்டனும் ஒரே சுங்க எல்லைக்குள் இருந்தால் அவர்கள் பயந்த கடல் எல்லையில் பாதி எழவே எழாது.

ஆம்-இல்லை முறையிலேயே கோளாறு இருந்தது. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைக் காப்பாற்ற இரண்டாவதாகப் பிடித்ததையும் கொன்றார்கள். அது ஜெயித்துவிட்டால் முதலாவதற்கு வாய்ப்பு போய்விடுமே என்ற பயம். வரிசைப்படுத்தி 1, 2, 3 என்று எண் போடச் சொல்லியிருந்தால் ஏதோ ஒன்று தேறியிருக்கும். மூன்றாவது சுற்று ஒன்று நடத்தலாமா என்று ஏப்ரல் 3 அன்று வாக்கெடுத்தார்கள்: 310க்கு 310. சமநிலையில் சபாநாயகர் மரபுப்படி எதிர்த்து வாக்களித்தார். எந்த வழி என்று தீர்மானிக்க இன்னொரு முறை முயல்வதா என்பதிலும் முட்டுக்கட்டை!

சரி, என் தாள். சுங்க ஒன்றியத்துக்கு ஆம், பொதுச் சந்தை 2.0க்கு ஆம், மக்கள் ஒப்புதலுக்கும் ஆம். மார்ச் 29 அன்று மேயின் விலகல் ஒப்பந்தம் மட்டும் தனியாக வந்து 286க்கு 344 என்று தோற்றதே, அதற்கும் ஆம். ஒன்றை மட்டும்தான் குறிக்கலாம் என்றால் சுங்க ஒன்றியம். எல்லைச் சிக்கலைப் பாதிதான் தீர்க்கும், சேவைத் துறைக்கு ஒன்றும் செய்யாது, எல்லாம் உண்மை. ஆனால் வேலைக்கு வருவோர் விஷயத்தில் 2016 வாக்கை மீறாமலும் ஆலைகளை மூடாமலும் இருக்கும் ஒரே இடம் அது. அதிலிருந்து பின்னால் எந்தப் பக்கமும் நகரலாம்.

பிடிவாதக் கணக்கில் யாருக்கு லாபம்? கன்சர்வேட்டிவ் கட்சியின் தீவிர வெளியேற்றவாதிகளில் 28 பேர் மூன்றாம் முறையும் மேயை எதிர்த்தார்கள். தங்களை ஸ்பார்ட்டன்கள் என்று அழைத்துக்கொண்ட அவர்களுடைய சூதாட்டம் பலித்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜூலையில் போரிஸ் ஜான்சன் பிரதமராக வந்தார். டிசம்பர் 12 தேர்தலில் 365 இடம் பிடித்தார். 2020 ஜனவரி 31 இரவு பிரிட்டன் வெளியேறியது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று முடிவான வர்த்தக ஒப்பந்தம் கனடா பாணிதான். எட்டு வழிகளில் மென்மையானவற்றை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தித் தோற்கடித்தவர்களுக்கு, ஒப்பந்தமின்மைக்கு ஒரு படி மேலே இருந்தது கிடைத்தது.

யூனியனிஸ்ட் கட்சியின் கதை அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டது. கடலில் சுங்க எல்லை போடுவதை எந்தக் கன்சர்வேட்டிவ் அரசும் ஏற்காது என்று 2018 நவம்பரில் அவர்கள் மாநாட்டு மேடையிலேயே பேசியவர் ஜான்சன். அடுத்த அக்டோபரில் அதற்கே அவர் ஒப்புக்கொண்டார். அதை எதிர்த்து அந்தக் கட்சி 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஸ்டோர்மான்ட்டில் இருந்து நடக்கும் வடக்கு அயர்லாந்து ஆட்சியையே முடக்கிவைத்தது. பிரிட்டனும் ஒன்றியமும் 2023இல் செய்துகொண்ட வின்ட்சர் ஏற்பாடு சோதனைகளைக் குறைத்தது; எல்லை போகவில்லை.

2019இல் தொழிற்கட்சியின் பிரெக்ஸிட் பொறுப்பாளராக எதிர்க்கட்சி வரிசையில் இருந்த கியர் ஸ்டார்மர் 2024இல் பிரதமரானார். 2025 மே மாதம் லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில், உணவு, விவசாயப் பொருள்களுக்கு ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றும் ஓர் உடன்பாட்டை நோக்கிப் போவதென்று அவர் அரசு ஒப்புக்கொண்டது. சுங்க ஒன்றியத்தில் மட்டும் திரும்பச் சேரமாட்டோம் என்று அப்போதும் சொன்னார்கள்.